வகுப்பறைக்கு வந்த அரங்கு: ஈழத்து நாடகப் பாடமும் கோலா பிலா மாணவரும்

எஸ்பிஎம் தேர்வில் தமிழ் இலக்கியத்தைக் கூடுதல் பாடமாக எடுக்கும் கோலா பிலா மாணவர், நாடகத்தை அச்சிட்ட நூலாகவே சந்திக்கின்றார். அப்பாடத்தில் பயிலப்பட்ட நாடகங்களுள் கு. அழகிரிசாமியின் ‘கவிச்சக்கரவர்த்தி’யும் ஒன்று. பாத்திரப் படைப்பு, கருப்பொருள், காட்சிச் சூழல் ஆகியவற்றை எழுதினால் மதிப்பெண் உண்டு. குரலுக்கும் அசைவுக்கும் இல்லை. அவர்தம் பாட்டன் பாட்டியரோ எழுதப் படிக்க அறியாத நிலையிலும் மாரியம்மன் கோயில் திடலில் விடிய விடிய நாடகம் கண்ட தலைமுறையினர்.

இப்பிளவு தோட்டப்பள்ளியின் தோற்றத்திலேயே அமைந்தது எனலாம். நெகிரி செம்பிலான் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில், 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் எனப் பணித்தது. நிருவாகங்கள் நாடியது எழுத்தும் எண்ணும் மட்டுமே. திடலில் நடந்த கலை கல்வியெனக் கருதப்படவில்லை.

இதே காலனித்துவக் கல்வி மரபில் வந்த இலங்கையில் நிலை வேறாயிற்று. அங்கு ‘நாடகமும் அரங்கியலும்’ பள்ளித் தேர்வுப் பாடமாகவும் பல்கலைக்கழகப் பாடமாகவும் நிலைபெற்றுள்ளது. எழுத்துத் தேர்வுடன் செய்முறைத் தேர்வும் உண்டு. இஃது அரசாணை ஒன்றினால் மட்டும் விளைந்ததன்று. 1956இல் சரச்சந்திர ‘மனமே’யை மேடையேற்றிச் சிங்கள நாடக மரபுக்குப் புத்துயிர் தந்தார். அதே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்தைப் படித்தவர் அவைக்குக் கொணர்ந்தார். ‘கர்ணன் போர்’ (1962) முதலான தயாரிப்புகளில் பல்கலைக்கழக மாணவரே ஆடினர். அவருள் ஒருவரான சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். ஆடியவரே ஆய்வாளராகவும் ஆசிரியராகவும் ஆனது பெரிதும் கவனிக்கத்தக்கது. பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கப்பட்ட கூத்து, ஆய்வுப்பொருளாகிய பின்னரே பாடப்பொருளாகும் தகுதி பெற்றது.

அடுத்த படி ஆசிரியரை ஆக்குதல். 1970களின் பிற்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடக டிப்ளோமா பயின்றவர்களுள் குழந்தை ம. சண்முகலிங்கம் (1931–2025) குறிப்பிடத்தக்கவர். பள்ளி ஆசிரியரான அவர் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். விளையாட்டு, மூச்சுப் பயிற்சி, குழுவாகக் காட்சி புனைதல் என்று அங்குப் பயிற்சி நடந்தது. சிறுவருக்கென அவர் எழுதிய ‘கூடி விளையாடு பாப்பா’ இன்றும் பேசப்படுகிறது. அவரது ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் க. சிதம்பரநாதன் நெறியாள்கையில், போர்ச்சூழலினூடே ஊர் ஊராக ஆடப்பட்டது. வகுப்பறைப் பயிற்சி ஊர்ச் சபைக்குச் சென்ற அந்நிகழ்வே இப்பாடத்தின் உண்மையான தேர்வு என்பது என் கருத்து. (தேர்வுப் பாடமாகியபின் குறிப்பேட்டு மனனமும் உடன் வந்தது; அதற்கு நாடகம் மட்டும் விலக்காகுமா?)

மலேசியாவுக்கு இது முற்றிலும் புதிய வழியன்று. 2007இல் தொடங்கப்பட்ட அரசாங்கக் கலைப்பள்ளிகளில் அரங்கு தனித்துறையாகவே கற்பிக்கப்படுகிறது. தமிழில் அத்தகைய பாடத்தை உடனே கோருவது, ஆசிரியரின்றி வகுப்பைத் திறப்பதாகும். இலங்கையிலும் டிப்ளோமாவும் பயிற்சிப் பட்டறையும் ஆசிரியரை முதலில் ஆக்கின என்பதை மறத்தல் ஆகாது. ஆகவே, தமிழாசிரியர் பயிற்சியில் குரல், உடல்மொழி, காட்சியமைப்பு ஆகியவற்றுக்கு ஓர் அலகு ஒதுக்குவதும், இலக்கியப் பாடத்தின் நாடகப் பகுதிக்குச் சிறு செய்முறை மதிப்பீட்டை இணைப்பதும் இன்றே இயலக்கூடியவை.

அழகிரிசாமி 1950களில் மலாயாவில் ‘தமிழ் நேசன்’ ஆசிரியராகப் பணியாற்றியவர்; இந்நாட்டு இளம் எழுத்தாளர்க்கு இலக்கிய வகுப்பு நடத்தியவர். அவர் நாடகத்தில் கம்பர் பேசும் காட்சியொன்றைக் கோலா பிலா மாணவர் மேசை நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு நின்று பேசிப் பார்க்கலாம். அதற்கு வேண்டுவது ஒரு பாடவேளையும், தானும் ஒருமுறையேனும் மேடையில் நின்று பேசியுள்ள ஓர் ஆசிரியருமே.