இருபது, நாற்பது, அறுபது: ஒரு புல்லட் பிஸ்டனின் கதை

தாம்பரம் முடிச்சூர் சாலையிலோ, குரோம்பேட்டை ராதா நகரிலோ ஒரு மெக்கானிக் கடையில் பழைய இரும்பு இன்ஜின் புல்லட்டைப் பிரித்துப் போட்டிருந்தால், மெக்கானிக் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் ஒரு எண்ணாகத்தான் இருக்கும். "இருபதுல இருக்கு சார், நாப்பது போடணும்." பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் புரியாது. வண்டிக்காரருக்கோ வயிற்றைக் கலக்கும். நாற்பதுக்கு அப்புறம் இருப்பது அறுபது மட்டும்தான். அதற்கும் அப்புறம் அந்த சிலிண்டரில் கடைய இடம் கிடையாது!

இந்த எண்கள் என்ன? புல்லட் 350-ன் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 90 மி.மீ. கணக்குப் போட்டால் 346 சி.சி. வண்டி ஓட ஓட சிலிண்டர் சுவர் தேயும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. மேல் ரிங் போய்த் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். வட்டம் கெட்டுப் போகும், ஆயில் மேலே ஏறும், சைலன்சரில் நீலப் புகை வரும். அப்போது சிலிண்டரை லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். எவ்வளவு பெரிது? ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் 20 பங்கு, பிறகு 40, கடைசியில் 60. நம் நாடு மெட்ரிக் அளவுக்கு மாறி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. புல்லட் பிஸ்டன் மட்டும் இன்னும் அங்குலத்தை விடவில்லை. காரணம் அது பிறந்த ஊர்.

அந்த ஊர் இங்கிலாந்தில் உள்ள ரெட்டிச். எல்லைக் காவலுக்கு இந்திய ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்த பிறகு, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். முதலில் கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள், அவ்வளவுதான். 1957-ல் பாகங்களைச் செய்யும் கருவிகளையே வாங்கிவிட்டார்கள். 1962 வாக்கில் வண்டி முழுக்க இங்கேயே தயாரானது.

இதற்குச் சில வருடம் முன்பே இன்னொரு முக்கியமான காரியம் நடந்திருந்தது. 1949-ல் எஸ். அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமம் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் கம்பெனியைத் தொடங்கியது. மோட்டார் வண்டியே சரியாகத் தயாரிக்காத நாட்டில் பிஸ்டனுக்கு ஒரு தனி கம்பெனியா? இன்று கேட்டால் வேடிக்கையாக இருக்கும். ஆனால் அன்றைய வியாபாரக் கணக்கைப் பாருங்கள். சாலையில் ஓடியவை எல்லாம் வெளிநாட்டு லாரிகள், பஸ்கள், கார்கள். அவற்றில் சீக்கிரம் தேய்கிற பொருள் பிஸ்டனும் ரிங்கும். அந்நியச் செலாவணி தட்டுப்பாடான காலத்தில் அதை இறக்குமதி செய்து கொண்டே இருக்க முடியாது. புது வண்டி எத்தனை விற்கும் என்பது நிச்சயமில்லை. பழைய வண்டி தேயும் என்பது நிச்சயம்!

லைசன்ஸ் ராஜ் காலத்தில் இது இன்னும் தீவிரமானது. ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த தலைமுறை அது. அப்படிக் கிடைத்த வண்டியை இன்ஜின் போய்விட்டது என்று யாராவது தூக்கிப் போடுவார்களா? ரீபோர் செய்தார்கள். மறுபடி ரீபோர் செய்தார்கள். ஸ்டாண்டர்டு, இருபது, நாற்பது, அறுபது என்று ஒரு சிலிண்டருக்கு நான்கு ஆயுள். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் உதிரிபாக வியாபாரம் வளர்ந்ததில் இந்த நான்கு ஆயுளுக்கும் பங்கு உண்டு.

ஆகவே பிஸ்டனைத் தேர்ந்தெடுப்பது என்பது கடையில் போய் ஒரு டப்பா வாங்குவது மாதிரி இல்லை. மிச்சமிருக்கும் ஆயுளில் எவ்வளவு செலவழிப்பது என்ற முடிவு அது. சிலிண்டரை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். தேய்மானம் சிறியது என்றால் ஹோன் பிடித்து, ரிங் மட்டும் மாற்றினாலே போதும். இருபதில் சுத்தமாகிவிடும் சிலிண்டரை, கடையில் இருபது ஸ்டாக் இல்லை என்பதற்காக நாற்பதுக்குக் கடைவது அநியாயம். அப்படி நடக்கத்தான் செய்கிறது. அவசரத்தில் ஒரு ஆயுள் போய்விடும்.

இன்னொரு விஷயத்தில் நல்ல லேத்காரர் கறாராக இருப்பார். பிஸ்டனைக் கையில் கொடுக்காமல் சிலிண்டரைத் தொட மாட்டார். டப்பாவில் 40 என்று அச்சடித்திருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி சின்ன வித்தியாசம் இருக்கும். வந்த பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்பத்தான் கடைய வேண்டும். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரிவடையும். இடைவெளி குறைந்தால் மே மாத வெயிலில், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில், பல்லாவரம் தாண்டுவதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இடைவெளி கூடினால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 'டக டக' என்று அடிக்கும். சிலிக்கான் அதிகம் கலந்து வார்த்த பிஸ்டன் குறைவாக விரியும். பந்தய வண்டிகளுக்கென்று அடித்துச் செய்யும் ஃபோர்ஜ்டு பிஸ்டன் பலமானது, ஆனால் அதிகம் விரியும், அதிக இடைவெளி கேட்கும். அண்ணாநகருக்கும் தாம்பரத்துக்கும் அலுவலகம் போய்வரும் புல்லட்டுக்கு அது தேவையே இல்லை. எடையிலும் கவனம் வேண்டும். ஒற்றை சிலிண்டர் இன்ஜின் பழைய பிஸ்டனின் எடைக்குச் சமன் செய்யப்பட்டது. கனமான பிஸ்டன் போட்டால் ஹேண்டில்பாரில் தெரிந்துவிடும்.

ஒரு வேடிக்கை. அறுபது போட்ட புல்லட் சுமார் 361 சி.சி. ஆகிவிடும். ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் 346! யமஹா ஆர்.எக்ஸ். 100 கதை இன்னும் சுவையானது. 1985-ல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி மூலம் வந்த அந்த வண்டிக்கு விட்டமும் 50, ஓட்டமும் 50 மி.மீ. உண்மையில் 98 சி.சி.தான். அரை மி.மீ. பெரிய பிஸ்டன் போட்ட பிறகுதான் அது தன் பெயருக்கு நியாயம் செய்து நூறைத் தொடுகிறது. அது டூ ஸ்ட்ரோக் வண்டி என்பதால் ரீபோர் செய்தபின் சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட்டுகளின் கூர்மையான விளிம்பை மழுக்க வேண்டும். மறந்தால் ரிங் அதில் மாட்டி உடையும்.

ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-ல் நின்றது. ஆனால் ஊரெல்லாம் ஓடியதால் பிஸ்டனுக்குப் பஞ்சம் வரவில்லை. 1983-ல் வந்த ராஜ்தூத் 350-க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இரட்டை சிலிண்டர், 347 சி.சி., அந்தக் காலத்தில் இந்தியச் சாலையில் அதை மிஞ்ச வேறு பைக் இல்லை. சில வருடங்களே விற்றது, கொஞ்சமாகவே விற்றது. இன்று ஜோடி பிஸ்டன் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள். பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையை நினைவிருக்கிறதா? ஹெரால்டு, கெசல் கார்களைச் செய்த இடம். 1980-களின் கடைசியில் மூடியது. அந்த கார்களை வைத்திருப்பவர்களுக்கும் இதே அலைச்சல்தான்.

இப்படிப் பார்த்தால் புல்லட்டைக் காப்பாற்றியது அதன் திறமை அல்ல, அதன் பிடிவாதம். ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடியது. சென்னை அதே இன்ஜினைச் செய்துகொண்டே இருந்தது. 1977-ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி தொடங்கியது. மாறாத டிசைனைக் கேலி செய்தவர்கள் உண்டு, நியாயமான கேலிதான். பிரேக் பிடிக்காது, ஆயில் ஒழுகும். ஆனால் 1965 வண்டிக்கும் 1995 வண்டிக்கும் ஒரே 70 மி.மீ. என்பதால் பிஸ்டன் செய்பவருக்கு வியாபாரம் இருந்தது.

2009 வாக்கில் யு.சி.இ. என்ற புது இன்ஜின் வந்தது. அதற்கும் 70, 90 தான் அளவு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விட்டம் ஒன்று என்பதற்காக பிஸ்டன் ஒன்றாகிவிடாது. பின்னின் தடிமன், பின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம், தலையின் வடிவம், ரிங்கின் கனம் எல்லாவற்றையும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'புல்லட் பிஸ்டன்' என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தால் மறுநாளும் கடைக்குப் போக வேண்டியதுதான்.

2020-ல் மீட்டியார் 350-ல் வந்த அடுத்த இன்ஜினுக்கு விட்டம் 72 மி.மீ. 2023-ல் புல்லட்டும் அதற்கு மாறியது. தாம்பரத்திலிருந்து படப்பை வழியாகப் போனால் வரும் ஒரகடத்தில் அந்தக் கம்பெனியின் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. புது வண்டியில் 70 மி.மீ. பிஸ்டன் முடிந்துவிட்டது. இனி அது ரிப்பேருக்கு மட்டும்.

அறுபதும் தேய்ந்த சிலிண்டருக்கும் ஒரு வழி உண்டு. இன்னும் பெரிதாகக் கடைந்து உள்ளே ஒரு இரும்பு ஸ்லீவை இறுக்கமாக அடித்து, அதை மறுபடி 70-க்குக் கடைவார்கள். நல்ல லேத்தில் செய்தால் வருடக்கணக்கில் ஓடும். மெக்கானிக் கடைக்குச் சீட்டு எழுதுவார்: "350 பழைய மாடல், பிஸ்டன் ஸ்டாண்டர்டு, ரிங் செட் ஸ்டாண்டர்டு."