கள்ளக்குறிச்சி ரயில் நிலையமும் நகரப் புனருத்தாரணமும்

கள்ளக்குறிச்சி ரயில் நிலையம், விருத்தாசலம்–சேலம் இருப்புப் பாதையிலுள்ள சின்னசேலத்தில் பிரிந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தூரம் செல்லும் கிளைப் பாதையின் முனையமாகத் திட்டமிடப்பட்டதாகும். 2006–07இல் அனுமதி பெற்ற இத்திட்டம் நிலம் கையகப்படுத்துவதில் ஏற்பட்ட தாமதத்தால் நெடுங்காலம் பின்தங்கிற்று. ஆதலால், 2019 நவம்பர் 26ஆம் நாள் விழுப்புரத்தினின்று பிரிந்த மாவட்டத்தின் தலைநகராக உயர்ந்த பின்னரும், இவ்வூரார் ரயிலேறச் சின்னசேலத்துக்கோ விழுப்புரத்துக்கோ பேருந்தில் செல்லவேண்டிய நிர்ப்பந்தம் நீங்கவில்லை.

மேற்கே கிழக்குத் தொடர்ச்சியைச் சார்ந்த கல்வராயன் மலையும், அதனின்று இறங்கும் கோமுகி ஆற்றின் பாசன நிலங்களும், மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளும், 2021இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பத் தொழிலும் இந்நகரின் ஜீவனத்துக்கு ஆதாரங்கள். வெள்ளிமலை முதலிய சிற்றூர்களின் மலையாளிப் பழங்குடியினருக்கும் இதுவே சமவெளிச் சந்தை.

நகரத்தைப் புதுப்பிக்கும் நிலையத்துக்கு அதன் முகப்பின் அலங்காரத்தினும் அது தெருவோடு கொள்ளும் சம்பந்தமே பிரதானம். 1997இல் திறக்கப்பெற்ற சென்னைத் திருமயிலை போன்ற பறக்கும் ரயில் நிலையங்கள், வியாபாரத்துக்கென விஸ்தாரமான மாடிகளோடு எழும்பியும், பெரும்பகுதி வெறுமையாகவே நெடுநாள் கிடந்தன. 2023இன் இறுதியில் திறந்த சென்னைப் புறநகர்க் கிளாம்பாக்கம் பேருந்து முனையமோ, அருகில் ரயில் நிலையம் அமையுமுன்பே இயங்கத் தொடங்கியதால் பிரயாணிகளுக்குச் சிரமம் விளைத்தது.

முனையமாதலின் கள்ளக்குறிச்சி நிலையத்துக்கு ஓர் அனுகூலம் உண்டு. தண்டவாளம் முடியுமிடத்தைச் சுற்றித் தெருக்களை இணைத்து, இரு புறமும் வாயில் வைத்தால், பாதையால் ஊர் இரண்டாகப் பிளவுபடாது. மலைப் பேருந்துகள் நிற்குமிடம் நடைமேடைக்கு அண்மையிலும், சரக்கு ஏற்றுமிடம் பிரயாணிகள் நடமாட்டத்துக்கு அப்பாலும் அமைதல் வேண்டும். மரச்சிற்பிகளுக்கும் மலைவிளை பொருள் விற்போருக்கும் குறைந்த வாடகையில் கடைகளும், முதியோருக்குப் படியில்லாச் சாய்வு வழியும், வெயிற் காலத்துக்கு நிழல் மரங்களும் அவசியம். ஏரிகளுக்கு நீர் செல்லும் வாய்க்கால்களை மறிக்காமல், இருப்புப் பாதை செல்லும் மண்மேட்டின் அடியில் போதிய மதகுகள் விடுவது அனைத்தினும் முதன்மையானது. இவற்றைப் பின்னர்ச் சேர்த்துக்கொள்வது பெருஞ்செலவாகும். ஆகவே நிலையம், பேருந்து நிலையம், சந்தை, நீர்வழி ஆகிய நான்கையும் ஒரே வரைபடத்தில் தொடக்கத்திலேயே தீர்மானிப்பதே விவேகம்.