இணைய மறுமொழிகளில் எழுத்துக் குறியேற்ற அறிவிப்பு: ஒரு வரலாற்று நோக்கு

0. முன்னுரை

உலாவி கேட்கும் பக்கத்தை வழங்கி அனுப்பும்போது செல்வன எழுத்துகள் அல்ல. 0 முதல் 255 வரையிலான எண்களின் வரிசையே செல்கிறது. 224, 174, 164 என்னும் மூன்று எண்கள் யு.டி.எஃப்-8 குறியேற்றத்தில் 'த' என்னும் ஓர் எழுத்தைக் குறிக்கும். அவையே மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்குரிய ஐ.எஸ்.ஓ. 8859-1 தரத்தில் முறையே அழுத்தக்குறி பெற்ற ஓர் இலத்தீன் எழுத்தையும், பதிவுபெற்ற வணிகக் குறியையும், பொது நாணயக் குறியையும் குறிக்கும். எனவே எண்வரிசை மட்டும் பனுவல் ஆகாது. அதனை எம்முறையில் படிக்க வேண்டும் என்னும் அறிவிப்பும் உடன்சேர்ந்ததே பனுவல் ஆகும். இவ்வறிவிப்பு வளர்ந்த வரலாற்றையும், அது பிழைபட்டபோது தமிழ்ப் பனுவல்களுக்கு நேர்ந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. அறிவிப்பின் தோற்றம்

டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் வகுத்து 1991இல் ஆவணப்படுத்திய தொடக்க எச்.டி.டி.பி. நெறிமுறையில் மறுமொழிக்குத் தலைப்பு வரிகளே இல்லை. மின்னஞ்சலுக்காக 1992இல் போரன்ஸ்டைன், ஃபிரீட் ஆகிய இருவரும் வெளியிட்ட மைம் தரம், உள்ளடக்கத்தின் வகையையும் அதன் எழுத்துத் தொகுதியையும் தனி வரியில் அறிவிக்கும் முறையை ஏற்படுத்தியது. இணைய நெறிமுறை இதனைக் கடனாகப் பெற்றது. எனினும் 1996இல் ஆவணமாக்கப்பட்ட அதன் 1.0 பதிப்பு, எழுத்துத் தொகுதி குறிக்கப்படாத பனுவலை ஐ.எஸ்.ஓ. 8859-1 எனக் கொள்ளுமாறு விதித்தது. மொழியியலார் கூறும் குறியற்ற வடிவம், குறிபெற்ற வடிவம் என்னும் பாகுபாட்டை இங்குப் பொருத்திக் காணலாம். மேற்கு ஐரோப்பிய எழுத்து குறியற்றதாகவும், ஏனைய அனைத்தும் குறிபெற வேண்டியனவாகவும் அமைந்தன. 2014இல் வெளிவந்த திருத்தமே இவ்விதியை நீக்கியது.

2. தமிழ்ப் பக்கங்களின் நிலை

1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் அதனைக் கையாளும் மென்பொருள்கள் பரவப் பல்லாண்டுகள் ஆயின. இடைக்காலத்தில் 128க்கு மேற்பட்ட இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்த எழுத்துருக்கள் பல தோன்றின. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வரிசையைக் கொண்டிருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை அடுத்துத் தாம், தாப் ஆகிய குறியேற்றங்களைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. இணையத்தமிழர் முயற்சியால் உருவான திஸ்கியும் வழங்கியது.

இப்பக்கங்களுள் பல, தலைப்பு வரியில் தம்மை இலத்தீன் எனவோ பயனர் வரையறுத்தது எனவோ அறிவித்துக்கொண்டன. உரிய எழுத்துரு இருந்தால் படிப்பவரின் கண்ணுக்கு அவை தமிழ். தேடுபொறிக்கோ பொருளற்ற இலத்தீன் குறிகள். மேலும், திஸ்கியில் 'கெ' என்பது கொம்பு முன்னும் மெய்வடிவம் பின்னுமாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டது. யூனிகோடில் ககரம் முன்னும் கொம்பு பின்னும் வரும். ஆகவே மாற்றம் என்பது எண்ணுக்கு எண் இடுவது மட்டுமன்று. வரிசை மாற்றமும் வேண்டும். மூலக் குறியேற்றம் இன்னதெனத் தெரியாவிடில் இம்மாற்றம் பிழைபடும். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றபோதும், அதற்கு முன் எழுதப்பட்ட கோப்புகளின் சிக்கல் தானே தீர்ந்துவிடவில்லை.

3. அளவும் எழுத்தும்

குறியேற்றத்தை மட்டுமன்றி உள்ளடக்கத்தின் அளவையும் மறுமொழி அறிவிப்பதுண்டு. அவ்வளவு பைட்டுகளால் ஆனது, எழுத்துகளால் ஆனதன்று. 'தமிழ்' என்னும் சொல் இலக்கண மரபில் மூன்றெழுத்து, யூனிகோடில் ஐந்து குறியெண்கள், யு.டி.எஃப்-8இல் பதினைந்து பைட்டுகள். நிரலாளர் குறியெண்களை எண்ணி 5 என அறிவித்தால், பெறும் கணினி தகரத்தை முழுமையாகவும் மகரத்தின் மூன்று பைட்டுகளுள் இரண்டை மட்டும் பெற்று நின்றுவிடும். ஆங்கிலச் சொல்லில் எழுத்து, குறியெண், பைட்டு ஆகிய மூன்றின் எண்ணிக்கையும் ஒன்றே ஆதலின், ஆங்கிலத் தரவை மட்டும் கொண்டு சோதிக்கும் நிரலில் இப்பிழை வெளிப்படுவதில்லை.

நிரல்களுக்கிடையே தரவு பரிமாறப் பயன்படும் ஜேசான் வடிவத்தின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. 2006ஆம் ஆண்டு ஆவணம் யூனிகோடின் பல குறியேற்றங்களுக்கு இடமளித்தது. 2017ஆம் ஆண்டுத் தரம், திறந்த பரிமாற்றத்திற்கு யு.டி.எஃப்-8 ஒன்றையே கட்டாயமாக்கியது.

4. முடிவுரை

ஊகத்தில் தொடங்கி, அறிவிப்பிற்கு வந்து, பொது உடன்பாட்டில் முடிவதாக இவ்வரலாற்றைத் தொகுத்துரைக்கலாம். உடன்பாடு ஏற்பட்டபின் அறிவிப்பு தேவையற்றது எனக் கருதுதல் பொருந்தாது. பழைய தமிழ்க் கோப்புகளைத் தரவுத்தொகுதியில் சேர்ப்போரும் மொழிபெயர்ப்புக்கு எடுத்தாள்வோரும் மூலப் பைட்டுகளை மாற்றாமல் ஒரு படி பேணுதல் வேண்டும். அவற்றின் குறியேற்றத்தையும், மாற்றிய முறையையும் உடன் பதிதல் வேண்டும். ஓலைச்சுவடியைப் பதிப்பிப்பவர் சுவடியின் எழுத்து மரபைக் குறிப்பது எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது இதுவும் ஆகும்.