போர்வீரரும் மதுவும்

யுத்தகாலத்தில் படைவீரர்க்கு மது வழங்குதல் தமிழகத்தில் மிகத் தொன்மையான சம்பிரதாயமாகும். பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து மீண்ட மறவர் கள்ளுண்டு களிக்கும் உண்டாட்டினைத் தொல்காப்பியம் வெட்சித் திணையின் துறைகளுள் ஒன்றாக வகுத்துள்ளது; கொங்கிற்கு அணித்தான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமானஞ்சி மாண்டபின், பீலி சூட்டிய அவனது நடுகல்லுக்கு நாரால் அரித்த கள்ளைச் சிறு கலத்தில் உகுத்தமையை ஔவையாரின் கையறுநிலைப் பாட்டால் அறிகிறோம்.

ஐரோப்பியப் படைகளிலோ களிப்புப் போய்க் கணக்கு வந்தது. கிழக்கிந்தியக் கும்பினியார் தம் வெள்ளைச் சிப்பாய்களுக்கு நாட்டுச் சாராயத்தையே படியளந்தனர். முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் வீரனுக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் ரம், மண்ஜாடியிலிருந்து பெரும்பாலும் விடியற்காலையில் வார்க்கப்பட்டது. சேமித்துவைக்க இடங்கொடாமல் அதிகாரியின் கண்முன்னேயே அதைக் குடித்துத் தீர்க்கச் செய்வது வழக்கம். குளிரைத் தாங்கவே இந்த ஏற்பாடு என்றனர்; ஆயினும் மது தோலின் இரத்த நாளங்களை விரித்து, உடலின் உட்சூட்டை வெளியேற்றிவிடும் என்பதே வைத்திய சாஸ்திரம் கண்ட உண்மை. பிரிட்டிஷ் கடற்படை 1970 வரை தன் ரம் படியை விட்டபாடில்லை.

காவிரிக்கரைக் கொடுமுடியில் மதுவும் யுத்தமும் பற்றிய இவ்விஷயம் வேறொரு கோலம் கொண்டது. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமல்படுத்தியபோது காவிரியின் அக்கரைக்குத்தான் விலக்கு. கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த இக்கரைக்குத் தடையில்லை. 1939-இல் இரண்டாம் உலக யுத்தத்தை முன்னிட்டு மந்திரிசபை விலகியது. யுத்தம் முடியுமுன்பே கவர்னர் ஆட்சி அவ்விலக்கையும் நிறுத்திவைத்தது.