ஆவடி மாநாடும் நம் பார்க்கிங்கில் நிற்கும் க்ரூஸரும்



நம் பார்க்கிங்கில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். வரிசையாக நிற்கும் ஸ்கூட்டர்களுக்கு நடுவே, நீளமாக, தாழ்வாக, ஒன்றரை வண்டியின் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும். அகலமான ஹேண்டில்பார், சோபா மாதிரி சீட், பக்கத்தில் ஒரு பை. க்ரூஸர் என்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது கனவு. பக்கத்து ஸ்லாட்காரருக்கு அது தொல்லை. ஓய்வு பெற்ற நம்மில் சிலருக்கோ, வீட்டில் சொல்லாத ஓர் ஆசை.

அதை அமெரிக்கச் சரக்கு என்றும் பணக்காரர் பொழுதுபோக்கு என்றும் நினைப்பவர்கள் உண்டு. பாதிதான் உண்மை. மீதிப் பாதி திருவொற்றியூரிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலும் நடந்த கதை. அந்தக் கதையில் நம் ஆவடிக்கும் ஓர் இடம் இருக்கிறது.

க்ரூஸர் ஏன் அந்த வடிவில் இருக்கிறது?

அமெரிக்காவில் இந்தியன் நிறுவனம் 1901-லும், ஹார்லி டேவிட்சன் 1903-லும் தொடங்கியவை. அந்த நாட்டில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே தூரம் அதிகம், சாலை நேர்க்கோடு. வளைத்து வளைத்து ஓட்ட வேண்டிய அவசியம் இல்லை. மணிக்கணக்கில் உட்கார்ந்து போக வேண்டும், அவ்வளவுதான். அதனால் சீட் தாழ்ந்தது. கால் வைக்கும் இடம் முன்னே போனது. ஹேண்டில்பார் பின்னே வந்தது. இரண்டு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் நீண்டது. என்ஜினும் வேகமாகச் சுழலாமல், மெதுவாகச் சுழன்றே நன்றாக இழுக்கும்படி அமைந்தது. 1965-ல் ஹார்லியின் எலக்ட்ரா கிளைடு பட்டன் ஸ்டார்ட்டுடன் வந்தபோது நெடும்பயண வண்டியின் வடிவம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

அதாவது, அது தூரத்துக்காகப் பிறந்த வண்டி. அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் அது திணறுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அது அந்த வேலைக்குச் செய்யப்பட்டதே இல்லை.

1955: ஒரே வருடம், இரண்டு நிகழ்ச்சிகள்

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. தலைவர் யு.என்.தேபர். நேரு வந்திருந்தார். காமராஜர் அப்போது சென்னை மாகாண முதல்வர். சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. பள்ளியில் இதைப் படித்திருப்பீர்கள். எதைத் தயாரிக்கலாம், எவ்வளவு தயாரிக்கலாம், எதை இறக்குமதி செய்யலாம் என்பதையெல்லாம் அரசு முடிவு செய்யும் முறை 1951-ஆம் ஆண்டுத் தொழில் சட்டத்திலேயே தொடங்கியிருந்தது. ஆவடித் தீர்மானம் அதற்கு ஒரு கொள்கை முகம் கொடுத்தது.

அதே 1955-ல், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் நம் ஊர் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியைத் தொடங்கின. மெட்ராஸ் மோட்டார்ஸ் அதற்கு முன்பே ராணுவத்துக்கு 350 சி.சி. புல்லட்டுகளை இறக்குமதி செய்து கொடுத்துவந்தது. எல்லைக் காவலுக்கு அந்த வண்டி தாங்கியது. இனி இங்கேயே செய்வோம் என்று திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வரும், இங்கே பூட்டுவார்கள். 1956 முடிவதற்குள் வெளிவந்தவை 163 வண்டிகள். சில வருடங்களில் பாகங்களும் இங்கேயே தயாராகின.

இது தனிக்கதை அல்ல. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-லேயே பிரிட்டிஷ் கூட்டில் தொடங்கிவிட்டது. 1960-களில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா வந்தன. நம்மில் பலரும், நம் அப்பாக்களும் சம்பளம் வாங்கிய இடங்கள் இவை. வெளிநாட்டுத் தொழில்நுட்பம், உள்நாட்டு முதல், சுற்றிலும் இறக்குமதித் தடை என்ற மதில்: அந்தக் காலத் தொழிலின் அமைப்பு அதுதான்.

மதில் காப்பாற்றியது

இங்கேதான் விசித்திரம். ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றுபோனது. தாய் இறந்துவிட்டாள், திருவொற்றியூரில் பிள்ளை பிழைத்திருந்தது. 1977-ல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. மதில் இல்லாதிருந்தால் ஜப்பான் வண்டிகளின் வெள்ளத்தில் நம்முடையதும் போயிருக்கும்.

மதிலே தூங்கவும் வைத்தது

போட்டி இல்லாத இடத்தில் மாற்றம் எதற்கு? 1950-களின் புல்லட்டும் 1980-களின் புல்லட்டும் அடையாளத்தில் ஒன்றுதான். நான்கு கியர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்டார்ட் செய்வதே ஒரு சடங்கு. ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்ப் மீட்டரின் முள்ளைப் பார்க்க வேண்டும். டீ-கம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக அழுத்தி, முள் நடுவுக்கு வந்ததும் லீவரை விட்டு ஓங்கி ஒரு மிதி. கணக்குத் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலில் தழும்பு வாங்கிய பழைய புல்லட்காரர் உங்களுக்குத் தெரிந்தவர்களிலேயே ஒருவர் இருப்பார். வண்டி நின்ற இடத்தில் ஆயில் சொட்டியிருக்கும். அதைக் குறையாக யாரும் சொன்னதில்லை.

போலீஸ், ராணுவம், வசதியான மிராசுதார் ஆகியோருக்குப் புல்லட். பாங்கு, ரயில்வே, ஃபாக்டரி ஊழியர்களுக்கு ஸ்கூட்டரோ மொபெட்டோ. இந்த வரிசை நெடுங்காலம் மாறவில்லை. 1980-களில் ராணிப்பேட்டையில் ஜெர்மானிய சுந்தாப் தொழில்நுட்பத்தில் சில்வர் பிளஸ், எக்ஸ்ப்ளோரர், ஃப்யூரி என்று சிறிய வண்டிகளையும் என்ஃபீல்டு செய்து பார்த்தது. நிலைக்கவில்லை. ஹீரோ ஹோண்டா 1985-ல் 100 சி.சி. வண்டியைக் கொண்டுவந்தபின், மைலேஜ் என்ற ஒரே சொல்லில் சந்தை திரும்பிவிட்டது.

தேதி போட்ட மதில்

வணிகவியல் படித்தவனுக்கு இங்கே ஓர் ஒப்பீடு தோன்றாமல் இருக்காது. ஹார்லிக்கும் மதில் கட்டியிருக்கிறார்கள். 1969-ல் அந்தக் கம்பெனியை ஏ.எம்.எஃப். என்ற பெரிய நிறுவனம் வாங்கியது, தரம் சரிந்தது. 1981-ல் அதன் அதிகாரிகள் 13 பேர் கடன் வாங்கிக் கம்பெனியைத் திரும்ப வாங்கினார்கள். 1983-ல் அதிபர் ரீகன், 700 சி.சி.க்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளின் வரியை 4.4 சதவீதத்திலிருந்து 49.4 சதவீதமாக உயர்த்தினார்.

ஆனால் அந்த உத்தரவு ஐந்து வருடத்துக்குத்தான். வருடா வருடம் வரி குறைந்துகொண்டே வரும். எவ்வளவு நாளில் திருந்த வேண்டும் என்பது ஹார்லிக்குத் தெரிந்திருந்தது. 1987-ல், கெடு முடியும் முன்பே, வரியை எடுத்துவிடுங்கள் என்று ஹார்லியே கேட்டது.

நம் மதிலில் தேதி இல்லை. முதிர்வுத் தேதி இல்லாத கடனை யார் நினைவு வைத்துத் திருப்பிக் கட்டுவார்கள்?

மூடுவதா, வைத்துக்கொள்வதா?

1991-க்குப் பின் மதில் இடிந்தது. 1994-ல் ஐஷர் குழுமம் என்ஃபீல்டு இந்தியாவை வாங்கியது. ராயல் என்ஃபீல்டு என்ற பெயர் திரும்பியது, லாபம் திரும்பவில்லை. 2000-ல் நிலைமை இது: மாதம் 6,000 வண்டிகள் செய்யக்கூடிய திறன், விற்பனையோ சுமார் 2,000. மூடலாம் அல்லது விற்கலாம் என்று இயக்குநர் குழுவில் பேச்சு. அப்போது 26 வயதான சித்தார்த்த லால் அவகாசம் கேட்டு வாங்கினார்.

அந்த முடிவு வேறு மாதிரிப் போயிருந்தால் திருவொற்றியூரில் எத்தனை வீட்டு அடுப்பு அணைந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். ஆலை மூடினால் என்ன ஆகும் என்பதை எஸ்டேட் பக்கம் வாழ்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூடப்பட்டது ஜெய்ப்பூர் அருகே திறந்திருந்த புதிய ஆலை. திருவொற்றியூர் பிழைத்தது. 2005-ல் ஐஷர் தன் டிராக்டர் தொழிலையே நம் சென்னை டாஃபேக்கு விற்றுவிட்டு, லாரியிலும் மோட்டார் சைக்கிளிலும் மட்டும் கவனம் வைத்தது.

இதற்கிடையில்தான் க்ரூஸர் வடிவம் நம் நாட்டில் தலைகாட்டியது. 2001-ல் பஜாஜ் கவாசாகி எலிமினேட்டர். 2002-ல் திருவொற்றியூரின் தண்டர்பேர்டு: 350 சி.சி., ஐந்து கியர். 2005-ல் பஜாஜ் அவெஞ்சர். 2008-ல் தண்டர்பேர்டில் புது என்ஜின் வந்தது. என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில், கியர் இடது காலில், பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட். ஆயில் சொட்டுவதும் நின்றது. புல்லட்டுக்குப் பயந்து ஒதுங்கியவர்களும் துணிந்து ஏறினார்கள்.

சாலையும் வந்தது

வண்டி இருந்தால் போதுமா? தங்க நாற்கரச் சாலைத் திட்டம் 1999-ல் தொடங்கியது. அதன் சென்னை–மும்பைப் பகுதி நம் பூந்தமல்லி வழியாகவே ஸ்ரீபெரும்புதூர், ராணிப்பேட்டை, கிருஷ்ணகிரி என்று போகிறது. பின்னர் மதுரவாயல் பைபாஸ் அம்பத்தூரைத் தெற்கோடும் வடக்கோடும் இணைத்தது. தாழ்ந்த சீட்டும் நீண்ட சக்கர இடைவெளியும் எந்த மாதிரிச் சாலைக்காக உண்டானதோ, அந்தச் சாலை நம் வாசலுக்கு வந்தது அப்போதுதான். தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் இல்லை என்பது கூடுதல் லாபம்.

ஹார்லியும் வந்தது. 2007-ல் இந்திய மாம்பழம் அமெரிக்காவுக்கும் ஹார்லி இந்தியாவுக்கும் போக வர இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. 2010-ல் விற்பனை தொடங்கியது. 2020 செப்டம்பரில் ஹார்லி இங்கே தன் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த நவம்பரில் ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350-ஐ வெளியிட்டது. 2023 ஜனவரியில் சூப்பர் மீட்டியோர் 650 வந்தது: இரட்டை சிலிண்டர், 648 சி.சி., ஷோரூம் விலை ரூ.3.49 லட்சத்தில் தொடக்கம். இன்று இந்த நிறுவனத்தின் ஆலைகள் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கின்றன. நம் பூந்தமல்லி சாலையிலேயே போய் ஸ்ரீபெரும்புதூரில் திரும்பினால் போதும். 1956-ல் 163 வண்டி. 2024-25 நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல்.

நமக்கு என்ன?

சரித்திரம் போதும், இனி நம் பார்க்கிங் விஷயம்.

வாங்க நினைப்பவர்களுக்கு: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். மீட்டியோரின் 349 சி.சி. கோட்டுக்கு இந்தப் பக்கம், 650 அந்தப் பக்கம். கடனுக்குப் போகும் முன் இதைக் கணக்கில் வையுங்கள். சூப்பர் மீட்டியோரின் எடை 241 கிலோ. சீட் உயரம் 740 மில்லிமீட்டர்தான் என்பதால் கால் நன்றாக ஊன்றும். ஆனால் பார்க்கிங்கில் பின்னோக்கித் தள்ளும்போது சீட் உயரம் உதவாது, முழங்கால்தான் உதவ வேண்டும். ஷோரூமில் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஒருமுறை தள்ளியும் பாருங்கள். தினமும் மார்க்கெட்டுக்குப் போக என்றால் ஸ்கூட்டரே போதும். மாதம் ஒருமுறையாவது வேலூர் தாண்டுவீர்கள் என்றால் யோசிக்கலாம்.

வைத்திருப்பவர்களுக்கு: கம்பெனி கொடுத்த சைலன்சர் விதிக்கு உட்பட்டது. அதைக் கழற்றிவிட்டு வெடிக்கிற ஒன்றை மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது. ஒலி விதியை மீறினால் 190-ஆம் பிரிவின்படி முதல் முறையே ரூ.10,000 வரை அபராதமும் சிறையும் உண்டு. விடியற்காலைப் பயணம் என்றால் கேட் வரை தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்தால் முதல் மாடிக் குழந்தை தூங்கும்.

புகார் சொல்பவர்களுக்கு: சத்தத்தின் மேல் கோபப்படுங்கள், நியாயம். வண்டியின் மேல் வேண்டாம். ஒரு மதில் காப்பாற்றி, அதே மதில் தூங்கவைத்து, அது இடிந்தபின் எழுந்து நின்ற பொருள் அது. அதில் நம் வட்டாரத்துத் தொழிலாளியின் கையும் இருக்கிறது. அதற்கு ஓர் அகலமான ஸ்லாட் ஒதுக்குவது பற்றி அடுத்த பொதுக்குழுவில் நிதானமாகப் பேசுவோம்.