கயிறு பிடித்தவர் பங்கு

ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பிய கற்பிட்டிக் கோட்டை, புத்தளம் களப்பின் வாயிலைப் பார்த்தபடி இன்றும் நின்றுகொண்டிருக்கிறது. ஆயினும் அந்தக் கோட்டையைக் காட்டிலும் கற்பிட்டிக்கு நிலைத்த கீர்த்தியைத் தேடித் தந்தவர், 1807ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவ்வூரிலே பிறந்த சைமன் காசிச்செட்டி என்பதே என் துணிபு. புத்தளம் நீதிமன்றத்தில் இளவயதிலேயே மொழிபெயர்ப்பாளராக உத்தியோகம் ஏற்று, மணியகாரராகவும் முதலியாராகவும் உயர்ந்து, சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக வீற்றிருந்து, பிற்காலத்தில் சிலாபத்தில் நீதிபதியாகவும் விளங்கிய அப்பெரியார், அரசாங்க காரியங்களுக்கிடையே கிடைத்த அவகாசத்தையெல்லாம் தொகுப்புப் பணிக்கே அர்ப்பணம் செய்து, இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசையில் விவரிக்கும் ‘சிலோன் கசெற்றியர்’ என்னும் ஆங்கில நூலை 1834இலும், தமிழ்ப் புலவர்களின் சரித்திரச் சுருக்கமாகிய ‘தமிழ் புளூராக்’ என்னும் நூலை 1859இலும் வெளியிட்டார். இவ்விரண்டையும் ஆராய்ச்சியாளர் அறிவர். இவற்றுக்கிடையே, 1841இல், ‘உதயாதித்தன்’ என்ற பெயரில் அவர் தமிழில் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கியதையும், அது போதிய ஆதரவின்றி நின்றுபோனதையும் நினைவில் வைத்திருப்பவர் சிலரே.

அதே 1841ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனைச் சார்ந்தோர் ‘உதயதாரகை’யை வெளியிட்டனர். அதற்குப் பின்னால் ஓர் அச்சுக்கூடம் இருந்தது, பள்ளிக்கூடங்கள் இருந்தன, கடல் கடந்து வரும் நிதி இருந்தது, ஆகவே அது நெடுங்காலம் நிலைத்தது. காசிச்செட்டிக்கோ வாசிப்போரின் ஆதரவைத் தவிர வேறு மூலதனம் இல்லை. அந்த ஆதரவு கிடைக்காமற் போயிற்று என்று ஒற்றை வாக்கியத்தில் எழுதிவிட்டு மேலே செல்வது சரித்திரகாரர்களுக்கு எளிது. எனக்கு மனம் வருவதில்லை. பலர் கூடிக் காரியம் செய்வதில் இந்தப் புத்தளக் கரைக்கு நிகரான பிரதேசம் ஈழத்தில் அதிகம் இல்லை. வலையும் கோயிலும் கந்தூரியும் பலர் கைகொடுத்தே இங்கு நடந்து வந்திருக்கின்றன. அப்படியிருக்க, ஆதரவு தருவோரைத் தேடிப் பிடிப்பதற்கும், பிடித்தவரை விட்டுப் போகாமல் வைத்துக்கொள்வதற்கும் இம்மக்கள் அறிந்திருந்த முறைகள் யாவை என்று ஆராய்வது வீண் பிரயத்தனமாகாது.

இன்றைய நாளில் இக்கேள்விக்கு ஒரு புதிய அவசரமும் சேர்ந்திருக்கிறது. கணினிக்குரிய நிரல்களை எழுதுவோரில் ஒரு சாரார், தாம் எழுதியதைப் பூட்டி வைக்காமல், எவரும் எடுத்துப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடியதாகத் திறந்து விடுகின்றனர். அதற்குத் திறமூல மென்பொருள் என்று பெயர். அவ்வாறு திறந்து விட்டதை விலைக்கு விற்றுப் பிழைப்பது அரிதாகையால், ஆயிரக்கணக்கானோரிடம் சிறுசிறு தொகையாக நிதி திரட்டியே அப்பணியைப் பலர் நடத்துகிறார்கள். பொருளோ எல்லோருக்கும் இலவசம். அப்படியானால் பணம் கொடுத்தவனுக்குக் கொடுக்காதவனைக் காட்டிலும் அதிகமாக எதைத் தருவது? உலகின் பெருநகரங்களில் இளைஞர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இந்த வினாவுக்கு, இதே கரையிலுள்ள உடப்பு என்னும் ஊரின் மணலில் கயிறு இழுக்கும் மனிதனின் பாட்டனுக்குப் பாட்டன் விடை கண்டிருந்தான் என்றே நான் நம்புகிறேன்.

அந்தக் கயிறு கரைவலையினுடையது. அதைப் பார்த்தறியாதவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்லுகிறேன். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அமைதியுறும் மாதங்களில், வைகறையில் தோணி ஒன்று கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் செல்லும். வெகுதூரம் சென்று, வலையை அரைவட்டமாக வளைத்து இறக்கி, மறுமுனைக் கயிற்றோடு கரையின் வேறோரிடத்தில் வந்து சேரும். பின்னர் இரண்டு அணியாகப் பிரிந்த ஆட்கள், மணலிற் குதிகாலை ஊன்றி, உடலைப் பின்னே சாய்த்து, இரு புறமும் ஒரே சீராக இழுக்கத் தொடங்குவர். ஓர் அணி முந்தினால் வலை கோணும். கோணினால் மீன் தப்பும். அந்தச் சீரைக் காப்பதற்கென்றே அம்பாப் பாடல் இருக்கிறது: ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவதும், அந்தத் தாளத்தில் கயிறு அங்குலம் அங்குலமாக வருவதும், கடைசியில் வலையின் மடி கரையைத் தொடும்போது பாட்டு தானாகவே துரிதகதி கொள்வதும் உடப்பின் செல்வங்கள். இராமநாதபுரத்துக் கரையிலிருந்து வந்தேறியவர்கள் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொள்ளும் அம்மக்கள், நினைவில் நின்றது பாதி மறந்தது பாதியாக இன்னும் அந்தப் பாடல்களைக் காத்து வருகிறார்கள்.

மடி கரையேறிய பின் நடப்பதுதான் நம் விஷயத்துக்கு முக்கியமானது. வலைக்கும் தோணிக்கும் உரிய சம்மாட்டியின் பங்கு பெரிது. அவர் முதல் போட்டவர். இழுத்தவர்களுக்கு அவரவர் பங்கு உண்டு. இவை கணக்கு. ஆனால் கணக்கிற் சேராத ஒரு பங்கும் உண்டு: கறிக்கு என்று எடுத்துக் கொடுக்கும் மீன். முழு நேரமும் இழுத்தவனுக்கும் கிடைக்கும். பாதியில் வந்து கயிற்றின் வாலைப் பிடித்த கிழவனுக்கும், கயிற்றைச் சுருட்டி வைத்த சிறுவனுக்கும் கிடைக்கும். அந்தச் சிறுவன் தனக்குக் கிடைத்த நாலு சாளையை ஓலையில் கோத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடும் ஓட்டத்தைப் பார்த்தவர்கள், அவன் நாளைக்கும் கயிற்றடிக்கு வருவானா என்று கேட்கமாட்டார்கள். அவனுக்குக் கிடைத்தது கூலி அன்று. கடையில் வாங்கிக் கொடுத்த இனாமும் அன்று. அவன் தொட்ட வலையிலிருந்தே வந்தது.

இதற்கு எதிரான ஒரு வழக்கமும் அதே கரையில் இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. சம்மாட்டிமார் இழுவையாட்களுக்கு முன்பணம் கொடுத்துக் கட்டி வைப்பதுண்டு. முன்பணம் வாங்கியவன் கடன் தீரும்வரை வேறு வலைக்குப் போக முடியாது. அவனும் அதே கயிற்றைத்தான் இழுக்கிறான். ஆனால் கடன் இழுக்கிறதே தவிர மனம் இழுப்பதில்லை. பணத்தால் பிணைப்பதற்கும் பங்கால் சேர்ப்பதற்கும் உள்ள வேற்றுமையை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் காணமாட்டோம். அண்மைக் காலத்தில் சில கரைகளில் உழவு இயந்திரத்திற் பொருத்திய உருளையே கயிற்றை இழுக்கத் தொடங்கிற்று. இயந்திரம் பங்கு கேட்பதில்லை; அது பாடுவதுமில்லை. இழுவைக்கு ஆள் வேண்டாத கரையில், கறிமீனுக்கு உரிமையுள்ளவர்களும் குறைந்துபோகிறார்கள்.

கோயில்களுக்கு வருவோம். சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்தின் மகோற்சவம் ஏறத்தாழ நான்கு வாரம் நடைபெறுவது; உடப்பில் திரௌபதி அம்மன் உற்சவம் பதினெட்டு நாள் நிகழ்ந்து தீமிதிப்பில் நிறைவெய்துவது. இத்தகைய பெருவிழாக்களை நாளுக்கு ஓர் உபயமாகப் பகுத்துக்கொள்வது நம்மவர் சம்பிரதாயம். ஒரு நாளைய திருவிழா ஒரு குடும்பத்தினுடையது, மற்றொரு நாளையது ஒரு தொழிலாளர் கூட்டத்தினுடையது. சாமி எல்லோருக்கும் ஒன்றாகவே எழுந்தருளுகிறார். பணம் கொடுத்தவனுக்கென்று தனித் தரிசனம் கிடையாது. ஆனால் பூசை முடிவில் உபயகாரர் பெயரைச் சொல்லி அழைத்துக் காளாஞ்சி கொடுக்கும் அந்தக் கணம் அவனுடையது. தட்டில் இருப்பவை தேங்காயும் பழமும் வெற்றிலையும். சந்தையில் அவற்றின் விலை அற்பம். அதற்காகத் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் தங்கள் நாளை விட்டுக்கொடாமற் காத்து வந்திருக்கின்றன; வேறு தேசங்களுக்குச் சென்று பிழைப்போரும் ஊருக்குப் பணம் அனுப்பித் தம் உபயத்தை நடத்துகின்றனர். பொருள் மிகுந்தவன் எல்லா நாளையும் தானே ஏற்றுக்கொள்ளப் பார்த்தாலும் ஊர் எளிதில் இசைவதில்லை என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருவன் தாங்கினால் அது அவனுடைய கோயிலாகிவிடும்.

முஸ்லிம் ஊர்களின் கந்தூரி இதிலும் ஒரு படி உயர்ந்த உதாரணம். வீட்டுக்கு வீடு அரிசியும் பணமும் விறகும் சேர்த்து, பெரிய பானைகளில் ஆக்கி, ஓதி முடிந்தபின் சஹன் என்னும் பெருந்தட்டுக்கு ஆறு பேராக அமர்ந்து உண்பதும், ஊரிலுள்ள மற்றோருக்குப் பகிர்ந்து அனுப்புவதும் வழக்கம். ஒரு மூட்டை அரிசி கொடுத்தவரும் ஒரு சுண்டு அரிசி கொடுத்தவரும் ஒன்றுமே கொடாத ஏழையும் ஒரே சஹனைச் சுற்றி அமரலாம். கை நீளுவது ஒரே சோற்றுக்கு. கொடுத்தவர் அதிகம் உண்பதில்லை. அவருக்குரிய பலன் துஆ என்னும் பிரார்த்தனையில் இருக்கிறது. பானையடியில் நின்று அகப்பை பிடிக்கும் உரிமையில் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் கையில் ஒன்றுமின்றி இக்கரைக்கு வந்து சேர்ந்தபோது, பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் வீடுகளிலும் அவர்களுக்கு இடங்கொடுத்துச் சோறு போட்ட சமூகத்துக்கு, யார் கொடுத்தவர் யார் கொடாதவர் என்று பாராமல் பானை ஏற்றும் பழக்கம் முன்பே கைவந்திருந்தது.

எழுத்துலகத்திலும் இவ்வழக்கத்துக்கு ஒரு பெயர் இருந்தது: கையொப்பம். சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில், நூல் அச்சேறுவதற்கு முன்பே அபிமானிகளிடம் கையொப்பம் வாங்கி, அவர்கள் தரும் பணத்தைக்கொண்டு காகிதம் வாங்கி அச்சிடுவது தமிழ்ப் பதிப்பாளர்கள் கைக்கொண்ட உபாயம். உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887இல் வெளியிடுமுன் இவ்வாறு கையொப்பத்துக்காக அலைந்த சிரமங்களைத் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். உதவினவர்களின் பெயர்களை நூலிலேயே நன்றியோடு குறிப்பது அக்காலத்துப் பதிப்பாளர்களின் மரியாதை. சிந்தாமணியின் செய்யுளைத் தேடித் திறப்பவன் அந்தப் பெயர்களையும் கடந்தே செல்ல வேண்டும். கறிமீனைப் போல அதுவும் அதே வலையிலிருந்து வந்த பங்கு.

இனி மென்பொருளாரின் உலகத்தைப் பாருங்கள். முப்பரிமாணச் சித்திரங்களை அசையச் செய்யும் ‘பிளெண்டர்’ என்ற நிரலை உருவாக்கிய நிறுவனம் 2002இல் மூடப்பட்டபோது, அதன் கர்த்தாவாகிய ஒல்லாந்தர் டோன் ரோசண்டால், முதலீட்டாளர்களிடமிருந்து அதை மீட்டுத் திறமூலமாக்க ஒரு லட்சம் யூரோ வேண்டுமென்று பொதுமக்களைக் கேட்டார். ஏழு வாரத்தில் அத்தொகை சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 13ஆம் நாள் நிரல் உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. பின்னர் அந்நிரலின் ஆற்றலைக் காட்ட ஒரு குறும்படம் எடுக்க முனைந்தவர்கள், படம் முடியுமுன்பே அதன் இறுவட்டுக்குப் பணம் கட்டியவர்களின் பெயர்களைப் படத்தின் இறுதிப் பெயர்ப்பட்டியலில் ஓடவிட்டனர். 2006இல் வெளிவந்த அந்தப் படத்தை எவரும் காசின்றிப் பார்க்கலாம், ஆனால் பார்க்கிற எவரும் அந்தப் பெயர்களையும் பார்ப்பர். சாமிநாதையரின் கையொப்பக்காரர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? இதற்கு மாறாக, ஆதரவாளர்களுக்குச் சட்டையும் கோப்பையும் ஒட்டுப்படமும் அனுப்புவதாக வாக்களித்துவிட்டு, திரட்டிய நிதியில் ஒரு பகுதியையும் நிரல் எழுத வேண்டிய நாட்களையும் பொதி கட்டுவதிலும் தபால் செலவிலும் இழந்துவிடும் முயற்சிகளும் உண்டு. வலையில் வராததைப் பங்காகக் கொடுக்கத் துணிந்ததன் விளைவு அது. ஆதரவாளன் விரும்புவது திருத்தம் எப்படி நடக்கிறது என்று அறிவதையும், பிழை கண்டால் சொல்வதையும், தான் சொன்ன பிழை தீர்ந்தபோது அது தன்னால் தீர்ந்தது என்று எழுதப்படுவதையும்தான். ஒரு மாதம் வலை வெறுமையாக வந்தால், வெறுமையாக வந்தது என்று கரையில் நிற்பவர்களிடம் சொல்லிவிடுவதும் அதில் அடங்கும். கயிறு பிடித்தவன் மடியைக் கண்ணால் பார்க்க உரிமையுடையவன்.

இலங்கையும் இதில் பின்தங்கியதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரைகளை அழித்தபோது, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் கணக்கெடுக்க இந்நாட்டு நிரலாளர்கள் பலர் தன்னார்வமாகக் கூடி எழுதிய ‘சஹானா’ என்னும் திறமூல மென்பொருள், 2006ஆம் ஆண்டுக்குரிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருதைப் பெற்றது. சஹானா என்பது சிங்களச் சொல்; நிவாரணம் என்பது அதன் பொருள். தமிழில், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேகரித்து எவரும் படிக்க வைக்கும் நூலகம் திட்டம் 2005இல் தோன்றி, திறமூல மென்பொருளொன்றையே அடித்தளமாகக் கொண்டு, பலர் தரும் உழைப்பாலும் பணத்தாலும் இன்றுவரை நடந்து வருகிறது. காசிச்செட்டி தனியொருவராக நின்று ஏங்கிய ஆதரவு இதுவேயன்றோ என்று நினைக்கையில், அவருடைய பத்திரிகை ஒன்றரை நூற்றாண்டு முந்திவிட்டதே என்று நெஞ்சு வருந்துகிறது.

சஹானாவுக்கும் நூலகத்துக்கும் மூத்தது 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். பழந்தமிழ் நூல்களைத் தேசந்தேசமாகப் பரந்திருக்கும் தமிழர் ஊதியமின்றித் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவசமாக வழங்கும் பணி அது. கற்பிட்டியில் இருக்கும் ஒரு மாணவன் இன்று கைப்பேசியில் அக்கோப்புகளில் ஒன்றைத் திறந்தால், கடவுள் வாழ்த்துக்கும் முன்பாக, அந்நூலைத் தட்டச்சு செய்தவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் அவன் கண்ணில் படும். அவற்றைக் கடந்தபின்தான் முதற் செய்யுள் வருகிறது.