பேசிக்காத ரெண்டு பேர், தோக்காத 24 மேட்ச்

டென்னிஸ்ல மோதல்னாலே நமக்கு ஞாபகம் வர்றது வலைக்கு எதிரெதிர்ல நிக்கிற ரெண்டு பேர். மெக்கன்ரோ அம்பயரைப் பார்த்துக் கத்துவார். அந்தப் பக்கம் போர்க் ஐஸ்கட்டி மாதிரி நிப்பார். இந்திய டென்னிஸோட பெரிய சண்டையில மட்டும் ரெண்டு பேருமே வலைக்கு ஒரே பக்கம் நின்னாங்க: லியாண்டர் பயஸ், மகேஷ் பூபதி.

ரெண்டு பேருக்கும் நம்ம ஊர் தொடர்பு உண்டு. மகேஷ் 1974ல இங்கேயே பிறந்தவர். லியாண்டர் கொல்கத்தாக்காரர், சின்னப் பையனா 1985ல மெட்ராஸ் வந்து, அமிர்தராஜ் குடும்பத்தோட அகாடமியில ஆட்டம் கத்துக்கிட்டவர். இவங்க ஜோடியா வாங்கின முதல் ஏடிபி பட்டம்கூட 1997 சென்னை ஓப்பன்தான், நுங்கம்பாக்கத்துல.

குணத்துல ரெண்டு பேரும் ரெண்டு துருவம். ஒரு பாயின்ட் ஜெயிச்சா லியாண்டர் துள்ளிக் குதிச்சு, பார்ட்னரோட நெஞ்சுல நெஞ்சை மோதி, கேலரியையே எழுப்பி விடுவார். மகேஷ் முகத்துல பெருசா எதுவும் தெரியாது. ஆட்டத்துல அதுவே பொருத்தமா அமைஞ்சது. மகேஷோட பேக்ஹேண்ட் ரிட்டர்ன் எதிராளி கால்கிட்ட தாழ்வா வந்து விழும். அவர் பந்தை மேல தூக்கித்தான் ஆகணும். தூக்கினா, அங்கே நெட்கிட்ட லியாண்டர் காத்துக்கிட்டு இருப்பார். கதை முடிஞ்சது.

1999ல நாலு கிராண்ட்ஸ்லாம்லயும் ஃபைனல். பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன் ரெண்டும் கையில. உலக நம்பர் 1. ஆனா உள்ளுக்குள்ள விரிசல் அப்பவே விழ ஆரம்பிச்சிருந்தது. அப்புறம் பிரியிறதும் சேர்றதுமாவே போச்சு. 2001ல இன்னொரு பிரெஞ்சு ஓப்பன், அதோட சேர்ந்து ஜெயிச்ச கிராண்ட்ஸ்லாம் மூணோட நின்னுது.

இங்கதான் எனக்கு ஆச்சரியமான விஷயம் வருது. 1997ல இருந்து 2010 வரைக்கும் டேவிஸ் கோப்பையில இந்த ஜோடி தொடர்ந்து 24 டபுள்ஸ் மேட்ச் ஜெயிச்சிருக்கு. உலக சாதனை! அதுல பல வருஷம் வெளியில பேச்சுவார்த்தையே சரியா இல்லாத காலம். 2010 செப்டம்பர்ல நுங்கம்பாக்கத்துல பிரேசிலோட ஆட்டம். முதல் நாளே இந்தியா 0-2. மறுநாள் டபுள்ஸ்ல இவங்க ரெண்டு பேரும்தான் நம்மளை உயிரோட வச்சாங்க. கடைசியில 3-2ன்னு ஜெயிச்சோம்.

எப்படி முடிஞ்சது? அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஐடி வேலை பார்க்கிறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். டீம்ல ரெண்டு பேர் சேர்ந்து டீ குடிக்கக்கூடப் போக மாட்டாங்க. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துச்சுன்னா சேர்ந்து எழுப்பிடுவாங்க. ஏன்னா அந்த நேரத்துல யார் எதைப் பார்க்கணும்னு தெளிவா இருக்கு. டபுள்ஸ் கோர்ட்டும் அப்படித்தான்.

"இவங்க நண்பர்களா இருந்திருந்தா எவ்வளவு ஜெயிச்சிருப்பாங்க"ன்னு புலம்புறவங்களுக்கு ஒரு கணக்கு. மத்த பார்ட்னர்களோட, கலப்பு இரட்டையரையும் சேர்த்து, லியாண்டர் 15 கிராண்ட்ஸ்லாம் ஜெயிச்சார், மகேஷ் 9. பிரிவு அவங்களைப் பெருசா பாதிக்கல.

பாதிச்சது ஒலிம்பிக்கை. ஏன்னா அங்க பார்ட்னரை உலகம் முழுக்கத் தேட முடியாது. ஒரே நாட்டுக்காரரா இருக்கணும். 2004 ஏதென்ஸ்ல வெண்கல மேட்ச், குரோஷியா ஜோடிகிட்ட கடைசி செட்ல 14-16ன்னு போச்சு. 2012 லண்டனுக்கு முன்னாடி மகேஷும் ரோஹன் போபண்ணாவும் லியாண்டரோட ஆட மாட்டோம்னுட்டாங்க. லியாண்டருக்கு விஷ்ணு வர்தன் ஜோடி. அந்த ஜூன்லதான் மகேஷோட சேர்ந்து பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையர் ஜெயிச்சிருந்த சானியா மிர்சாவை, லியாண்டரோட ஜோடியாக்கினாங்க. ஒருத்தரைச் சமாதானப்படுத்த என்னைத் தூண்டில் புழுவாக்கிட்டாங்கன்னு சானியா வெளிப்படையாவே அறிக்கை விட்டார். லண்டன்ல நமக்கு டென்னிஸ் பதக்கம் எதுவும் வரல.

கோர்ட்டுக்குள்ள ரெண்டு பேருமே கோபத்தை அடக்கத் தெரிஞ்சவங்க. அணி தேர்வு செய்ற மேஜைக்கு அந்தப் பக்குவம் வந்து சேரல. அதுக்கான விலையை சண்டையில சம்பந்தமே இல்லாத சானியாவும் சேர்ந்து கொடுத்தார். இந்தக் கதையில எனக்கு உறுத்துறது அதுதான்.

உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.